வில்லுக்கயிற்றின் மற்றத் தொங்கல்

கலியாணம் முடிந்து மூன்று மாதம் ஆகியும் நான் என் மனைவியோடு சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியிருக்கவில்லை. கோபம் ஒன்றும் இல்லை. அவளைப் பிடிக்காமலும் இல்லை. வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

நான் கிழக்கிலங்கையில் மருதமுனைக்காரன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தறிக்குப் போனவன். வீட்டில் கஷ்டம் என்று வெளியில் சொன்னார்கள். கஷ்டமும் இருந்ததுதான். ஆனால் எழும்பி நின்று சத்தமாக வாசி என்று சொன்னால் எனக்கு வாய் திறக்காது. எழுத்தெல்லாம் தெரியும், சத்தம்தான் வராது. தறிக் கொட்டிலில் அந்தத் தொல்லை இல்லை. ஆறு தறி ஒன்றாக அடிக்கும்போது யார் என்ன சொன்னாலும் கேட்காது. நூல் வேண்டுமென்றால் கையைத் தூக்குவோம். தேத்தண்ணீர் என்றால் பெருவிரலை வாய்ப்பக்கம் காட்டுவோம். பதினாறு வருசம் அப்படிப் போயிற்று. கலியாணம் ஆகும்வரை எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். அவள் ஊர் சாய்ந்தமருது. நாலு சாரன், மூன்று சட்டை, ஒரு தொப்பி, எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் வைத்து, சின்னப் பித்தளைப் பூட்டுப் போட்டு, சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் இறங்கினேன். அந்த வீட்டில் அவளும் அவளுடைய உம்மாவும்தான். மாமனார் மௌத்தாகி, அடக்கம் செய்து இரண்டு வருசம் ஆகியிருந்தது. மாமி என் முன்னால் வரமாட்டார். கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவார், அதுவும் மகளிடம்.

"மருமகனுக்கு மீன் காணுமா எண்டு கேளு புள்ள" என்று கதவு சொல்லும். அவள் என்னைப் பார்ப்பாள். போதும் என்று நான் தலையை ஆட்டுவேன். "காணுமாம்" என்று அவள் கதவுக்குச் சொல்வாள். எங்கள் வீட்டுப் பேச்சு இவ்வளவுதான்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யுத்தத்தில் பாதை நிலவரம் சரியில்லாமல் நூல் வரத்து நின்று, கொட்டிலில் தறிகள் சும்மா கிடந்தன. நான் வீட்டில் இருந்தேன். ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வந்து, கால் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். கிணற்றைச் சுற்றிக் கிடுகு வேலி. அந்தப் பக்கம் உம்மாவும் மகளும் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வந்தது அவர்களுக்குத் தெரியாது.

"ஒரு சட்டையக்கூட வெளிய வைக்கல்ல உம்மா. கழுவிக் காஞ்சதும் மடிச்சி, பெட்டிக்குள்ள வெச்சிப் பூட்டுறார். பயணக்காரர் மாதிரி."

"ஆம்புளைக்கு ஒழுங்கு இருந்தா நல்லம்தானே."

"ஒழுங்கா? வண்டி வந்தா உடனே ஏறிப் போறத்துக்கு இரிக்கிற ஒழுங்கு. என்னப் புடிக்கல்லபோல. ஆரோ சொல்லித்தான் கலியாணம் முடிச்சிருக்கார்."

அடுத்த மீனும் வெட்டுப்பட்டது. பிறகு மாமி சொன்னார்: "அவசரப்படாத கிளி. அறுவடை முடியட்டும். அவர்ர ராத்தாவக் கூப்பிட்டு உள்ளதக் கேப்பம். விருப்பமில்லாத மனிசன நாம புடிச்சி வெக்கேலுமா?"

ராத்தா என்று அவர் சொன்னது என் அக்காவை. நான் கால் கழுவாமல் திரும்பி வந்துவிட்டேன்.

சட்டையைப் பெட்டியில் வைத்ததற்குக் காரணம் மிகச் சின்னது. அந்த வீட்டில் சட்டையை எங்கே கொழுவுவது என்று எனக்குத் தெரியவில்லை. அறையில் இருந்த கொடியில் அவளுடைய உடுப்பு இருந்தது. அதற்குப் பக்கத்தில் என் சட்டையைப் போடலாமா என்று யாரிடமாவது கேட்க வேண்டும். அதைக் கேட்க வாய் வரவில்லை. இப்போது அந்தச் சட்டைகள் அறுவடைவரை எனக்குத் தவணை வைத்துவிட்டன.

அறுவடை என்று சொன்னது அவளுக்குச் சீதனமாக வந்த ஒரு துண்டு வயலை. ஊருக்கு மேற்கே வட்டையில் கிடந்தது. வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வீடு வாசல் இல்லாத பெரிய வயல்வெளி. மாரிப்போகம் விதைத்து, கதிர் தள்ளி, பால் பிடிக்கும் நேரம். அந்த நேரம்தான் கிளியும் குருவியும் வந்து இறங்கும். பால் கதிரைக் கிளி ஒரு தடவை கடித்து இழுத்தால் அந்தக் கதிர் பதராகிவிடும். மாமனார் இருந்த காலத்தில் சீனவெடி கொளுத்திப் போடுவாராம். இப்போது வட்டைக்குப் போகிற வழியில் ஒரு ஆமிக் காவலரண். வயலுக்குள் வெடி வெடித்தால் அங்கிருந்து என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. தகரம் தட்டினாலும் இரண்டாம் நாள் கிளிக்குப் பழகிவிடும்.

"தறி நிக்கிதானே, மருமகன் வட்டைக்குப் போய்க் காவல் இருப்பாரா எண்டு கேளு" என்று கதவு சொன்னது. அவள் என் பக்கம் திரும்பு முன்பே நான் தலையை ஆட்டினேன்.

வயல் வேலையில் எனக்கு ஒன்றும் தெரியாது. வரம்பில் நடந்தால் விழுவேன். பக்கத்து வயல்காரர் காரைதீவுத் தமிழர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் கையைத் தட்டித் தட்டிக் கிளியின் பின்னால் ஓடுவதை முதல் நாள் முழுக்கப் பார்த்துச் சிரித்தார். இரண்டாம் நாள் தன் பரணிலிருந்து இறங்கி வந்தார். கையில் ஒரு மூங்கில் வில். அம்பு எய்கிற வில் இல்லை. களிமண் உருண்டை எறிகிற வில். அதற்கு ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இரண்டு கயிறு இருக்கும். நடுவில் உருண்டை வைக்க ஒரு சின்ன மடி. அவர் வாய்க்கால் மண்ணில் உருட்டிக் காயவைத்த உருண்டை ஒன்றை மடியில் வைத்து இழுத்து விட்டார். தூரத்தில் கதிருக்குள் "சொத்" என்றது. ஐம்பது அறுபது கிளி ஒன்றாக எழும்பிப் போயிற்று. சத்தம் அவ்வளவுதான். காவலரண் வரைக்கும் ஒன்றும் போகாது.

"தம்பி, என்னட்ட இன்னொரு வில்லுக் கிடக்கு" என்றார். "கயிறுதான் அறுந்துபோச்சு. செய்யத் தெரியுமா?"

தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

"நூல்காரன்தானே நீ? அறுந்த கயிற அவுத்துப் பாரு. அது சொல்லும். எனக்கு இந்தக் கிளியளக் கலைக்கவே நேரமில்ல."

அந்த வில்லை வாங்கி வந்தேன், ஆனால் முதலில் அறுந்த கயிற்றை அவிழ்க்கவில்லை. கடற்கரையில் தங்கூசி, மீன் தூண்டிலுக்குக் கட்டுகிற நைலோன் நூல், வாங்கி வில்லில் கட்டினேன். இழுத்தால் இழுத்த அளவுக்கு நீண்டது. விட்டால் உருண்டை முன்னால் போகாமல் என் பெருவிரலில் வந்து அடித்தது. நகம் கறுத்துவிட்டது. அன்றைக்கு இரவுச் சோறு சாப்பிடும்போது அவள் அந்த விரலைப் பார்த்தாள். சாப்பிட்டு முடித்து வந்து பார்த்தால் என் பாயின் தலைமாட்டில் ஒரு சிரட்டையில் தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் இருந்தது.

அடுத்த நாள்தான் பழைய கயிற்றைக் கையில் எடுத்தேன். அறுந்த துணியைப் பிரித்துப் பார்த்து இது எந்த ஊர்த் தறி என்று சொல்கிற பழக்கம் எங்களுக்கு உண்டு. அப்படியே பிரித்தேன். இரண்டு புரி. ஒவ்வொரு புரியும் வலப்பக்கம் முறுக்கியது. இரண்டும் சேர்ந்து இடப்பக்கம் முறுகியிருந்தது. அதனால்தான் ஒன்று மற்றதை அவிழவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. நார், மரல் நார். மரல் எங்கள் வேலியோரமே நின்றது. வாள் போல நீண்டு, வரிவரியாகக் கோடு விழுந்த இலை. யாரும் கவனிக்காத செடி.

இலைகளை வெட்டி, ஒரு பலகையில் வைத்து, மொட்டைக் கத்தியால் வழித்தேன். பச்சைச் சதை வழிந்து போக உள்ளே வெள்ளை வெளேரென்று நார். கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இவ்வளவு நல்ல நாரை நான் நூல் கடைகளில்கூடப் பார்த்ததில்லை. நிழலில் காயவைத்தேன்.

அடுத்தது முறுக்க வேண்டும். முறுக்குவது தொடையில் வைத்து. சாரனைத் தொடைக்கு மேலே சுருட்டிக்கொண்டு உட்கார வேண்டும். மாமி இருக்கிற வீட்டில் அதை எங்கே செய்வது? கோழிக் கூட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்திருந்து செய்தேன். உள்ளே யாராவது இருமினாலும் சாரனை இறக்கிவிடுவேன். இறக்கியதும் முறுக்குக் கழன்றுவிடும். திரும்பவும் முதலிலிருந்து. இரண்டு பகல் போயிற்று. ஒருவழியாகக் கயிறு என்று சொல்லக்கூடிய ஒன்று வந்தது. ஓரிடம் பருத்தும் ஓரிடம் மெலிந்தும், முழுக்க நார் சிலிர்த்துக்கொண்டு நின்றது.

நூல் சிலிர்த்தால் நெசவுக்காரன் என்ன செய்வான்? கஞ்சி போடுவான். தறியில் நீளவாட்டில் நிற்கிற பாவு நூலுக்குக் கஞ்சி போட்டால்தான் மயிர் படிந்து நூல் உறுதியாகும். அது எனக்குச் சின்ன வயதிலிருந்து கைப்பழக்கம். யோசிக்கவே இல்லை. அடுப்படியில் இருந்த சோற்றுக் கஞ்சியில் கயிற்றை ஊறப்போட்டு, வழித்து, இழுத்து, மழைக்காலம் என்பதால் அடுப்புக்கு மேலே பரணில் காயக் கட்டினேன். காய்ந்தபோது தடி போல நின்றது. நார் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. எனக்குப் பெரிய சந்தோசம். காலையில் வட்டைக்குக் கொண்டுபோகலாம் என்று வைத்தேன்.

காலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்து அடுப்படியை எட்டிப் பார்த்தேன். அவள் நிலத்தில் குந்தியிருந்து எதையோ பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். கயிறுதான். விரல் அளவு, அரை விரல் அளவுத் துண்டுகளாக. எலி கஞ்சியை முழுக்கத் தின்றிருந்தது. நாரைச் சும்மா கடித்துப் போட்டிருந்தது.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்கு முகம் வெளிறிவிட்டிருக்க வேண்டும். அவள் உதட்டைக் கடித்தாள். பிறகு முடியாமல் சொல்லிவிட்டாள்:

"வில்லுக்கு ஆரும் சோறு ஊட்டுவாங்களா?"

கதவுக்குப் பின்னால் மாமி சிரிக்கிற சத்தம் கேட்டது. வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த வீட்டுக்குள் நான் சத்தமாகச் சிரித்தது அன்றுதான். அவள் திடுக்கிட்டுப் பார்த்ததிலிருந்து அது எனக்கே விளங்கிற்று.

வட்டையில் பக்கத்து வயல் அண்ணனிடம் அறுந்த துண்டுகளைக் காட்டினேன். அவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"கஞ்சி பிடவைக்குத் தம்பி. எலிக்கும். கயித்துக்கு மெழுகுதான் பூசிற" என்று ஒரு இலையில் சுற்றிய தேன்மெழுகுக் கட்டியைத் தந்தார். "முறுக்கும் ஒரு சீர் இல்ல. இழுத்துக்கொண்டெல்லோ முறுக்கோணும்? கெதியாச் செய். பாரு, உன்ர வயல்லதான் எல்லாக் கிளியும் நிக்கிது."

மெய்தான். மேற்கு வரம்போரம் கதிர் எல்லாம் வெள்ளையாகத் தலை நிமிர்ந்து நின்றது. நெல் இருந்தால் தலை குனிந்திருக்கும். அறுவடைக்கு இன்னும் இரண்டு மூன்று கிழமை. அதற்குள் நெல்லும் முற்ற வேண்டும். ராத்தாவை அழைக்க ஆளும் போய்விடும்.

அன்று பின்னேரம் நான் மரல் வெட்டிக்கொண்டு வந்தபோது அவள் பலகையையும் கத்தியையும் எடுத்துவைத்துக்கொண்டு வீட்டுப் பின்புறம் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க வழிச்ச நாரெல்லாம் அறுந்து கிடந்திச்சி. கத்தியப் படுக்கவெச்சி வழிக்கணும்" என்றாள். மீன் செதில் வழித்த கை. என்னைவிட நன்றாக வழித்தாள். ஈர நாரைப் பாயில் முனை மாற்றி மாற்றி அடுக்கி, பத்தடி நீளத்துக்கு ஒரே திரியாக்கினோம். இழுத்துக்கொண்டு முறுக்க வேண்டுமென்றால் இரண்டு பேர் வேண்டும். மற்றத் தொங்கலை, அந்தப் பக்கத்து முனையை, பிடிக்கச் சொல்லி அவளிடம் எப்படிக் கேட்பது என்று திரியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"புள்ள, அவருக்கு மத்தத் தொங்கலப் புடிச்சிக் குடு" என்றது கதவு.

நான் கிணற்றடிப் பக்கம், அவள் கொய்யா மரத்தடிப் பக்கம். இடையில் பத்தடி நார். நான் முறுக்குவதைப் பார்த்து அவளும் அதேபோல முறுக்கினாள். நிறைய நேரம் முறுக்கினோம். நார் உருண்டது, உருண்டது, ஆனால் முறுகவே இல்லை. தொட்டுப் பார்த்தால் முதலில் இருந்த மாதிரியே தளர்ந்து கிடந்தது. இரண்டு பேருக்கும் காரணம் விளங்கவில்லை.

"மருமகன்" என்று கூப்பிட்டார் மாமி. மகளிடம் சொல்லவில்லை, என்னைத்தான் கூப்பிட்டார். "அவ உங்களக் கண்ணாடியில பாக்கிற மாதிரிப் பாத்துச் சுத்துறா. மத்தப் பக்கம் சுத்தச் சொல்லுங்க."

"மத்தப் பக்கம்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவள் மாற்றிச் சுற்றினாள். உடனே நார் உயிர் வந்த மாதிரி இறுகத் தொடங்கிற்று. முறுக முறுகக் கயிறு குட்டையாகும். அதனால் இரண்டு பேரும் அரையடி அரையடியாக முன்னால் நகர வேண்டும்.

"இறுக்கிப் புடிங்க" என்றேன். "உட்டா எல்லாம் கழண்டுரும்."

"நான் உடமாட்டன்" என்றாள் அவள். பிறகு, "நீங்களும் உடாதிங்க. ஒரு விசயம் கேக்கட்டா?"

நான் தலையை ஆட்டினேன்.

"தலையாட்டினா எனக்குத் தெரியாது. நான் கயித்தத்தான் பாக்கிறன்."

"கேளுங்க."

"இந்த ஊட்ட இரிக்க உங்களுக்கு விருப்பமில்லையா?"

மற்ற நேரமாக இருந்தால் நான் எழும்பிப் போயிருப்பேன். கிணற்றடிக்கு, வாசலுக்கு, தொழுகைப் பள்ளிக்கு, எங்கேயாவது. இப்போது கையில் கயிறு. விட்டால் ஒரு பின்னேரத்து வேலை முழுவதும் போய்விடும். அவளும் அது தெரிந்துதான் கேட்டாள். கயிறு எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் அதிர்ந்துகொண்டு நின்றது. பேச வேண்டும் என்று தெரிந்தது. என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை. கடைசியில் அந்த நேரம் நெஞ்சில் இருந்ததைச் சொன்னேன்.

"காலையில... நீங்க கிணத்தில தண்ணி அள்ளக்குள்ள வாளி கல்லில முட்டுற சத்தம் கேக்கும். அது கேட்டாத்தான் எனக்கு விடிஞ்ச மாதிரி. கண்ணத் தொறக்காமப் படுத்துக் கேட்டுக்கிட்டு இரிப்பன்."

அவள் அரையடி முன்னால் நகர்ந்தாள்.

"மருதமுனைக்குப் போய் ஒரு நாள் நிண்டன்தானே, சாச்சிர மௌத்துக்கு. அங்க எனக்கு விடியவே இல்ல."

இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அவ்வளவு நீளமாக நான் அதற்கு முன் யாரிடமும் பேசியதில்லை.

அவள் முறுக்கிக்கொண்டே இருந்தாள். "அப்ப ஏன் கதைக்கிறல்ல?" என்றாள். குரல் மாறியிருந்தது.

"தறியில கதைக்கிறல்ல. அதான் பழகல்ல."

"இது தறியில்லதானே."

"ஓம்" என்றேன்.

கயிறு நல்ல இறுக்கத்துக்கு வந்துவிட்டது. இனி அதை நடுவில் மடித்து, இரண்டு தொங்கலையும் ஒன்றாகப் பிடித்து, மடிப்பில் ஒரு பாரம் கொழுவிவிட வேண்டும். பாரம் தானாகச் சுற்றும், இரண்டு புரியும் தானாகப் பின்னிக்கொள்ளும். பாரத்துக்கு என்ன செய்வது என்று சுற்றிப் பார்த்தேன். கல் இருந்தது, கொழுவ முடியாது. வாளி பெரிய பாரம்.

"உங்கட பெட்டிப் பூட்டத் தாங்களன்" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் இப்போதும் கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாவி என் இடுப்பில் இருந்தது. கயிற்றை விட முடியாது. "உம்மா" என்று அவள் கூப்பிட்டாள். கதவைத் தாண்டி முக்காடு போட்ட மாமி வெளியே வந்தார். மூன்று மாதத்தில் அப்போதுதான் அவரை முழுதாகப் பார்த்தேன். என்னைவிடக் கூச்சப்பட்டு நின்றார். ஒற்றைக் கையால் சாவியை அவிழ்த்துக் கொடுத்தேன். அவர் போய்ப் பூட்டைக் கழற்றிக்கொண்டு வந்து, நடுக் கயிற்றில் மாட்டிவிட்டு, மறுபடி கதவுக்குப் பின்னால் போய்விட்டார்.

அவள் தன் தொங்கலைப் பிடித்தபடி என்னை நோக்கி நடந்து வந்தாள். தளரவிடாமல், அடி அடியாக. வந்து என் கையில் அந்தத் தொங்கலை வைத்தாள். கையை உடனே எடுக்கவில்லை. நான் கையை உயர்த்தப் பூட்டுக் கீழே தொங்கி, மெல்லச் சுழன்று, பிறகு வேகமாகச் சுழன்றது. இரண்டு புரியும் ஒன்றோடொன்று பின்னி மேலே ஏறி வந்தது. இரண்டு பேரும் அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம்.

இரண்டாவது கயிறு அடுத்த நாள். மெழுகைச் சூடு காட்டித் தேய்த்தோம். வில்லில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டியதும் அவை எனக்குப் பாவு நூல் இரண்டு நிற்பதுபோலத் தெரிந்தன. நடுவில் ஒரு சதுர அங்குலம் மடி நெய்தேன். மிச்ச நூலில், விரலாலேயே. என் வாழ்நாளில் நான் நெய்த மிகச் சின்னத் துணி அதுதான்.

வட்டைக்குப் போகும் வழியில் காவலரணில் நின்ற ஆமிக்காரர் வில்லை வாங்கி வளைத்துப் பார்த்தார். ஒரு உருண்டையும் கேட்டு வாங்கி, பாதையோரத் தந்திக் கம்பத்துக்குக் குறி வைத்தார். படவில்லை. இன்னொன்று கேட்டார். அதுவும் படவில்லை. சிரித்துக்கொண்டே திருப்பித் தந்துவிட்டார். அதன் பிறகு என்னைக் கண்டால் இரண்டு விரலால் வில் இழுப்பதுபோலக் காட்டுவார். எனக்கு அந்தப் பாசை நன்றாக விளங்கும்.

குறி பார்க்க எனக்கும் வரவில்லை. ஒரு கிளியையாவது நான் அடித்ததில்லை, அடிக்க விரும்பியதும் இல்லை. உருண்டை பக்கத்தில் போய் விழுந்தாலே போதும். கிளிகள் எழும்பி வேறெங்கோ போயின. மேற்கு வரம்போரம் போனது போனதுதான். மிச்சக் கதிர் எல்லாம் கனத்துக் குனிந்தது.

அறுவடைக்கு ஒரு கிழமை இருக்கும்போது கயிறு ஒன்று மடி ஓரத்தில் தேயத் தொடங்கிற்று. அண்ணன் அதை வாங்கி விரலால் உருட்டிப் பார்த்தார்.

"நல்ல சீரா முறுக்கியிருக்காய். மத்தத் தொங்கல ஆரு புடிச்ச?"

"வீட்டுக்காரி."

"என்னத்துக்கு அவவக் கரைச்சல் படுத்திற? ஒரு ஆணி காணுமே. ஆணியில மாட்டிப்போட்டுத் தனியா முறுக்கலாம். நான் அப்படித்தான் செய்யிற. சொல்ல மறந்துபோனன்."

பின்னேரம் சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஆணியையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுப் பின்புறம் போய்ப் பார்த்தேன். அடுப்படித் தாழ்வாரத்துத் தூணில், நாங்கள் கயிறு முறுக்கிய இடத்திலிருந்து இரண்டு எட்டு தள்ளி, நெஞ்சு உயரத்தில் ஒரு பெரிய ஆணி அடித்திருந்தது. புது ஆணி இல்லை. அதன் கழுத்தில் தேங்காய்த் தும்பு கொஞ்சம் இன்னும் சிக்கியிருந்தது. கிணற்று வாளியின் கயிற்றைப் பார்த்தேன். கடைக் கயிறு இல்லை, கையால் திரித்தது. இந்த வீட்டில் யார் கயிறு திரிப்பது? உம்மாவும் மகளும்தான் இருக்கிறார்கள். மகளுக்கோ எந்தப் பக்கம் சுற்றுவது என்றே தெரியவில்லை.

கதவைத் திரும்பிப் பார்த்தேன். கதவு ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளே அவள் குரல் கேட்டது. "வந்துட்டீங்களா? கயிறு தேஞ்சிதெண்டு காலையில சொன்னீங்களே. நார் நனச்சி வெச்சிருக்கன். மத்தத் தொங்கல நான் புடிக்கிறன், இரிங்க வாறன்."

அவள் வருவதற்குள் அந்த ஆணியை எப்படியாவது மறைக்க வேண்டும் என்று தோன்றிற்று. வேறு ஒன்றும் கையில் இல்லை. போட்டிருந்த சட்டையைக் கழற்றி அதில் கொழுவினேன்.

அவள் நார்த் திரியோடு வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஈரக் கையோடு தூணையும் சட்டையையும் பார்த்தாள்.

"என்ன, பெட்டி நெறஞ்சி போச்சா?" என்றாள். கேலியாகத்தான் தொடங்கினாள். முடிக்கும்போது கண் நிறைந்துவிட்டது.

"ஓம்" என்றேன். "இனி அதில இடமில்ல."

கதவுக்குப் பின்னால் மாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "புள்ள, அவர்ர ராத்தாவுக்குச் சொல்லி அனுப்பணும். அறுவடைக்கு வந்து புது அரிசிச் சோறு திண்டுட்டுப் போகட்டும். வேற ஒண்டுக்குமில்ல" என்றார்.

அந்த ஆணியில் என் சட்டை இன்றைக்கும் தொங்குகிறது. வருசத்துக்கு இரண்டு போகம் நாங்கள் கயிறு முறுக்குகிறோம். அவள் கொய்யா மரத்தடியில், நான் கிணற்றடியில்.